செல்பேசி இணையத்தின் ஒருவழிக் கதவு: போர்ட் ஃபார்வார்டிங் ஏன் பலிப்பதில்லை?

புதுதில்லி: கம்பிவட இணைப்புக்கு மாற்றாக 5ஜி அலைக்கற்றை வழியே வீட்டு இணையச் சேவைகள் நாடெங்கும் பரவிவரும் நிலையில், தொழில்நுட்ப வட்டாரங்களுக்குள் மட்டும் பேசப்பட்டுவந்த ஒரு குறைபாடு இப்போது சாதாரண வீடுகளையும் கடைகளையும் எட்டியுள்ளது. செல்பேசி வலையமைப்பின் மூலம் இணையத்தைப் பெறும் ஒருவரால் உலகின் எந்த இணையதளத்தையும் திறக்க முடிகிறது. ஆனால், வெளியூரில் இருக்கும்போது தமது வீட்டுக் கண்காணிப்புக் கேமராவையோ, கடையில் உள்ள கணக்குக் கணினியையோ, வயலில் நிறுத்திய நீரிறைப்புக் கட்டுப்பாட்டுக் கருவியையோ அவரால் நேரடியாகத் தொடர்புகொள்ள முடிவதில்லை. இணைப்பு வெளியே செல்கிறது. உள்ளே வர மறுக்கிறது.

கம்பிவட இணைப்பில் இதற்கு நீண்டகாலமாக உள்ள தீர்வு 'போர்ட் ஃபார்வார்டிங்'. ஓர் அலுவலகத்துக்கு ஒரே ஒரு தொலைபேசி எண்ணும், உள்ளே பல மேசைகளுக்குத் தனித்தனிக் கிளை எண்களும் இருப்பதைப் போன்றதே வீட்டு இணையம். வெளியுலகுக்குத் தெரிவது ரூட்டரின் ஒரே ஐபி முகவரி. வீட்டுக்குள் இருக்கும் கணினி, கேமரா, தொலைக்காட்சி ஆகிய அனைத்தும் அதன் பின்னால் கிளை எண்களாக மறைந்திருக்கின்றன. 'இந்த எண்ணுள்ள போர்ட்டுக்கு வரும் அழைப்பைக் கேமராவுக்கு அனுப்பு' என்று ரூட்டருக்கு முன்கூட்டியே சொல்லிவைப்பதுதான் போர்ட் ஃபார்வார்டிங். வரவேற்பு மேசையில் இருப்பவரிடம் குறிப்பு எழுதிக் கொடுப்பது போன்ற எளிய வேலை இது.

செல்பேசி இணைப்பில் இந்தக் குறிப்புக்குப் பயன் இல்லாமல் போகிறது. காரணம், வாடிக்கையாளரின் ரூட்டருக்கு மேலே, நிறுவனத்தின் தரவு மையத்தில் இன்னொரு வரவேற்பு மேசை இருக்கிறது. பல்லாயிரக்கணக்கான வாடிக்கையாளர்களைச் சில பொது முகவரிகளுக்குப் பின்னால் நிறுத்திவைக்கும் அந்த ஏற்பாட்டுக்குச் 'சிஜிநேட்' என்று பெயர். வெளியிலிருந்து வரும் அழைப்பு முதலில் அங்கேதான் வந்து சேருகிறது. அது யாருக்கானது என்று அந்தக் கருவிக்குத் தெரியாது. அதற்குச் சொல்லிவைக்கும் உரிமை வாடிக்கையாளருக்கும் இல்லை. எனவே அழைப்பு அங்கேயே கைவிடப்படுகிறது. வீட்டு ரூட்டரின் திரையில் 'அமைப்பு சேமிக்கப்பட்டது' என்று பச்சை எழுத்தில் தோன்றும். உண்மையில் எதுவும் நடந்திருக்காது. கேமரா பொருத்த வரும் தொழிலாளி மணிக்கணக்கில் ரூட்டரைத் திருகிவிட்டு, கருவி பழுது என்று முடிவுகட்டுவது இதனால்தான்.

இந்த நிலையைக் கண்டறிவது கடினமல்ல. ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் காட்டப்படும் வெளிமுக முகவரியையும், 'எனது ஐபி முகவரி எது' என்று காட்டும் ஏதேனும் ஓர் இணையதளத்தில் தெரியும் முகவரியையும் ஒப்பிட்டாலே போதும். இரண்டும் வேறுபட்டால் இடையில் இன்னொரு மேசை இருக்கிறது என்று பொருள். ரூட்டரின் முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால் ஐயத்துக்கே இடமில்லை. ஏறத்தாழ 42 இலட்சம் முகவரிகள் கொண்ட அந்தத் தொகுதி, இத்தகைய பகிர்வுக்கென்றே 2012 ஏப்ரலில் உலக அளவில் ஒதுக்கிவைக்கப்பட்டது. 10 என்ற எண்ணில் தொடங்கும் முகவரிகளையும் பல நிறுவனங்கள் இதே நோக்கத்துக்குப் பயன்படுத்துகின்றன.

முகவரிப் பஞ்சம்

இதன் வேர் 1981ஆம் ஆண்டில் இருக்கிறது. அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான ஐபிவி4 வரையறை, ஒவ்வொரு முகவரிக்கும் 32 இருமக் குறிகளை ஒதுக்கியது. அதன்படி உலகம் முழுமைக்கும் கிடைக்கக்கூடிய முகவரிகள் சுமார் 429 கோடி மட்டுமே. பல்கலைக்கழகங்களையும் ஆய்வகங்களையும் இணைக்கும் வலையமைப்புக்கு அது தாராளமான எண்ணிக்கையாகத் தோன்றியது. உலகளாவிய கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. ஆசிய பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஆப்னிக், அதே ஆண்டு ஏப்ரல் 15 அன்று தனது கடைசித் தொகுதியை எட்டி, பங்கீட்டு முறைக்கு மாறியது. அன்று முதல் புதிதாக வரும் நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும், அந்தக் கடைசித் தொகுதியிலிருந்து அதற்குக் கிடைக்கக்கூடியவை 1,024 முகவரிகளே. பின்னாளில் அதுவும் பாதியாகக் குறைக்கப்பட்டது.

இந்தியாவின் செல்பேசி இணையப் பெருக்கம் இந்தக் கதவு மூடப்பட்ட பின்னரே நிகழ்ந்தது. ரிலையன்ஸ் ஜியோ வணிக ரீதியில் சேவையைத் தொடங்கியது 2016 செப்டம்பர் 5 அன்று. அதற்குள் அமெரிக்கா 150 கோடிக்கும் அதிகமான முகவரிகளைத் தன்வசம் வைத்திருந்தது. மக்கள்தொகையில் அதைவிட நான்கு மடங்கு பெரிய இந்தியாவுக்குக் கிடைத்தவை சில கோடிகளே. முந்தி வந்தவர்கள் அள்ளிக்கொண்டார்கள் என்பதைத் தவிர இதில் வேறு நியாயம் எதுவும் இல்லை.

இன்று நாட்டில் செல்பேசி வழி அகண்ட அலைவரிசை இணைப்புகள் 90 கோடிக்கும் மேல். கம்பிவட இணைப்புகளோ 4 கோடி என்ற அளவை ஒட்டியே நிற்கின்றன. ஒரு பொது முகவரியில் 65,536 போர்ட்டுகள் உண்டு. அவற்றில் முதல் 1,024 எண்களை விலக்கிவிட்டு, ஒரு வாடிக்கையாளருக்கு ஆயிரம் போர்ட்டுகள் என்று பகிர்ந்தால் ஒரு முகவரியை ஏறத்தாழ 64 பேர் பயன்படுத்தலாம். அந்தக் கணக்கின்படி, புதிய நிறுவனம் ஒன்றுக்குக் கிடைத்த 1,024 முகவரிகள் சுமார் 65 ஆயிரம் பேருக்குத்தான் போதும். இந்திய அளவில் சேவை நடத்தும் நிறுவனத்துக்கு ஒரு சிறு நகரத்தைக்கூட அது தாங்காது. முகவரிப் பகிர்வு என்பது நிறுவனங்களின் கஞ்சத்தனத்தால் மட்டும் வந்ததன்று என்பதை இந்த எளிய பெருக்கல் காட்டுகிறது.

கையடக்கத் திரையில் காணொலி பார்ப்பவருக்கும் பணம் செலுத்துபவருக்கும் இதனால் இழப்பு ஏதும் தெரியவில்லை. அவர்களின் தேவை வெளியே செல்லும் அழைப்புகளோடு முடிந்துவிடுகிறது. ஆனால் 2023 ஆகஸ்டில் ஏர்டெல்லும், செப்டம்பரில் ஜியோவும் 'ஏர்ஃபைபர்' என்ற பெயரில் 5ஜி வழி வீட்டு இணையத்தைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. கூரையில் ஒரு பெட்டி, வீட்டுக்குள் ஒரு ரூட்டர், மாதக் கட்டணம் என்று வெளித்தோற்றத்தில் அது கம்பிவட இணைப்பைப் போலவே இருக்கிறது. வாடிக்கையாளரும் அதே எதிர்பார்ப்புடன் வாங்குகிறார். கம்பிவட நிறுவனங்களிலும் பல இப்போது முகவரிப் பகிர்வையே நாடுகின்றன என்றாலும், கூடுதல் கட்டணம் செலுத்தி நிலையான முகவரி பெறும் வழி அங்கே பெரும்பாலும் உண்டு. செல்பேசி வலையமைப்பில் அத்தகைய வசதி பெருநிறுவனங்களுக்கான தனி ஒப்பந்தங்களோடு நின்றுவிடுகிறது. தனிநபர் திட்டங்களில் அதைக் காண்பது அரிது.

சுற்றுவழிகளும் அவற்றின் விலையும்

நேர்வழி அடைபட்டதும் சுற்றுவழிகள் தோன்றியுள்ளன. அனைத்துக்கும் அடிப்படை ஒன்றே: உள்ளே வர முடியாதபோது, உள்ளிருக்கும் கருவியே முதலில் வெளியே சென்று ஓர் இடைநிலைக் கணினியோடு இணைந்து காத்திருக்க வேண்டும், வெளியூரில் இருப்பவரும் அதே இடைநிலைக் கணினிக்கு வந்து சேர வேண்டும்.

பெரும்பாலான கண்காணிப்புக் கேமராக்கள் இன்று இந்த முறையில்தான் இயங்குகின்றன. பெட்டியில் உள்ள கட்டக் குறியீட்டைச் செல்பேசியில் வருடினால் படம் தெரிந்துவிடுகிறது. எந்த அமைப்பும் தேவையில்லை. ஆனால் அந்த இணைப்பை ஏற்படுத்துவது தயாரிப்பு நிறுவனத்தின் சேவையகம். இரு முனைகளும் நேரடியாக இணைய முடியாதபோது படமே அதன் வழியாகத்தான் பாய்கிறது. அது வேறொரு நாட்டில் இருக்கலாம். நிறுவனம் கடையை மூடினால் கேமரா வெறும் கண்ணாடியாகிவிடும். கண்காணிப்புக் கேமராக்களுக்கான கட்டாயப் பாதுகாப்பு விதிகளை மத்திய அரசு 2025 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இருந்த கவலைகளில், படம் எங்கே போகிறது என்பதும் ஒன்று. நேர்வழி இருந்திருந்தால் அந்தக் கவலையில் ஒரு பகுதியேனும் எழுந்திருக்காது.

தொழில்நுட்பம் அறிந்தவர்கள் மேகக் கணினிச் சேவையில் ஒரு சிறிய கணினியை வாடகைக்கு எடுத்து, வயர்கார்டு போன்ற மென்பொருளால் வீட்டிலிருந்து அதற்கு ஒரு மறையாக்கச் சுரங்கம் அமைத்துக்கொள்கிறார்கள். பொது முகவரி அந்த வாடகைக் கணினிக்கு இருப்பதால் போர்ட் ஃபார்வார்டிங்கை அங்கே செய்யலாம்; அழைப்பு சுரங்கம் வழியே வீட்டுக்கு வந்துவிடும். செல்பேசி வலையமைப்பு சற்று நேரம் அமைதியாக இருக்கும் இணைப்புகளை மறந்துவிடும் என்பதால், 25 விநாடிக்கு ஒரு முறை ஒரு சிறு செய்தியை அனுப்பிச் சுரங்கத்தை விழித்திருக்கச் செய்ய வேண்டும். டெயில்ஸ்கேல், ஜீரோடியர், கிளவுட்ஃப்ளேர் டனல் போன்ற சேவைகள் இதே வேலையை இன்னும் எளிதாக்கித் தருகின்றன. இவற்றில் பலவற்றை வீட்டளவில் கட்டணமின்றியே பயன்படுத்தலாம். வீட்டுக் கேமராவுக்கு இவை போதுமானவை என்பதில் ஐயமில்லை. எனினும், தம் வீட்டைத் தாமே அடைய மூன்றாவது ஒருவரின் தயவை நாட வேண்டியிருப்பது மாறவில்லை.

பொது முகவரிக்கும் விலை ஏறிவிட்டது. அமேசானின் மேகக் கணினிச் சேவை, 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு அரை சென்ட் வீதம் தனிக் கட்டணம் வசூலிக்கிறது. ஆண்டுக்குக் கணக்கிட்டால் சுமார் 44 டாலர். முன்பு இணைப்போடு இலவசமாகக் கிடைத்த ஒன்றுக்கு இப்போது வாடகை. இந்தியாவுக்குள் இத்தகைய சுரங்கச் சேவை நடத்துவோருக்கு இன்னொரு சுமையும் உண்டு. மத்திய அரசின் கணினி அவசரநிலை மீட்புக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, விபிஎன் சேவை வழங்குவோர் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, ஒதுக்கப்பட்ட ஐபி உள்ளிட்ட விவரங்களை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்று கூறியது. அதைத் தொடர்ந்து சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சேவையகங்களை இந்தியாவிலிருந்து அகற்றிக்கொண்டன.

காவல்துறைக்கும் தலைவலி

முகவரிப் பகிர்வின் இன்னொரு விளைவு குற்றப் புலனாய்வில் தெரிகிறது. ஒரு மோசடி நடந்த முகவரியைக் கண்டுபிடித்தாலும், அந்த நொடியில் அதன் பின்னால் நூற்றுக்கணக்கானோர் இருந்திருக்கலாம். ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் 2017 அக்டோபரில் இதைப் பொதுவெளியில் எச்சரித்தது. பெல்ஜியத்தில் ஒரு முகவரியைப் பகிர்வோர் எண்ணிக்கையை 16-க்குள் நிறுத்த நிறுவனங்கள் தாமாகவே ஒப்புக்கொண்டதை அது முன்மாதிரியாகக் காட்டியது. 90 கோடி இணைப்புகள் கொண்ட நாட்டில் அத்தகைய வரம்பு சாத்தியமில்லை.

இந்தியா தேர்ந்த வழி, பதிவேடு. இணைய இணைப்பு விவரப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 டிசம்பரில் உரிம விதிகளைத் திருத்தியது. ஆனால் அந்தப் பதிவேட்டில் சரியான ஆளைத் தேட, தாக்கப்பட்ட இணையதளம் முகவரியோடு போர்ட் எண்ணையும், நொடி பிசகாத நேரத்தையும் குறித்து வைத்திருக்க வேண்டும். பல இணையதளங்கள் முகவரியை மட்டுமே குறிக்கின்றன. கடிகாரங்களை அரசு ஆய்வகங்களின் நேரத்தோடு ஒத்திசைக்குமாறு 2022-ஆம் ஆண்டு உத்தரவில் செர்ட்-இன் வலியுறுத்தியதன் பொருள் இங்கே விளங்குகிறது. ஒரு நிமிட வேறுபாடு தொடர்பில்லாத ஒருவரின் வீட்டு வாசலுக்குக் காவல்துறையைக் கொண்டுபோய் நிறுத்தக்கூடும்.

ஐபிவி6: பாதித் தீர்வு

பஞ்சத்துக்கு மருந்து ஐபிவி6. அதில் இந்தியா பின்தங்கவில்லை என்பது இந்த விவகாரத்தின் வியப்பான பகுதி. முகவரி கிடைக்காமல் தாமதமாக வந்த ஜியோ, தொடக்கம் முதலே ஐபிவி6-ஐ அடித்தளமாகக் கொண்டு வலையமைப்பைக் கட்டியது. இன்று இந்தியப் பயனர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஐபிவி6 வழியாக இணையத்தை எட்டுகிறார்கள். உலக சராசரியைவிட இது கணிசமாக அதிகம். ஒவ்வொரு செல்பேசிக்கும் தரப்படும் ஐபிவி6 தொகுதியின் அளவு, பழைய முகவரிகள் அனைத்தின் எண்ணிக்கையை அதே எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பது. அத்தனையும் உலகெங்கிருந்தும் அடையத்தக்க பொது முகவரிகள். பகிர்வு தேவையில்லை, எனவே போர்ட் ஃபார்வார்டிங்கும் தேவையில்லை. கேமராவுக்கே சொந்த முகவரி கிடைத்துவிடும்.

ஆனாலும் அழைப்பு உள்ளே வருவதில்லை. பல செல்பேசி வலையமைப்புகள், வெளியிலிருந்து தொடங்கப்படும் ஐபிவி6 இணைப்புகளையும் தீயரண் கொண்டு தடுத்துவிடுகின்றன. முன்பு முகவரி இல்லாததால் மூடியிருந்த கதவு, இப்போது முகவரி இருந்தும் கொள்கையால் மூடியிருக்கிறது. நிறுவனங்களின் தடையைத் தாண்டினாலும் வேறு இடர்ப்பாடுகள் உண்டு. செல்பேசி மீண்டும் இணையும்போது முகவரி மாறிவிடலாம். அதைப் பின்தொடரப் பெயரோடு முகவரியை இணைக்கும் சேவை ஒன்று வேண்டும். அழைப்பவரிடமும் ஐபிவி6 இருக்க வேண்டும். கையில் உள்ள செல்பேசியில் இருக்கும் அந்த வசதி, அலுவலக வலையமைப்பிலும் தங்கும் விடுதியிலும் இல்லாதிருப்பது இந்தியாவில் வாடிக்கை. 2022 டிசம்பர் 31-க்குப் பின் தரப்படும் புதிய கம்பிவட வீட்டு இணைப்புகள் அனைத்தும் ஐபிவி6-க்கு ஏற்றவையாக இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2021 நவம்பரில் காலக்கெடு விதித்திருந்தது. பழைய ரூட்டர்களின் பின்னால் இருக்கும் வீடுகளை அந்த விதி தானாக மாற்றிவிடாது.

தடைக்கு நிறுவனங்கள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2016 அக்டோபர் 21 அன்று டின் என்ற நிறுவனத்தைத் தாக்கி, அமெரிக்காவில் பெரும் இணையதளங்கள் பலவற்றை முடக்கிய 'மிராய்' என்ற தீநிரல், ஆலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் இணையத்தில் திறந்துவிடப்பட்ட கேமராக்களையும் ரூட்டர்களையும் படையாகத் திரட்டியே அதைச் செய்தது. கோடிக்கணக்கான மலிவுக் கருவிகள் உள்ள நாட்டில் எல்லாக் கதவுகளையும் ஒரே நாளில் திறந்துவிடுவது விவேகமாகாது. தவிர, அழைக்கப்படாத செய்திகள் செல்பேசியின் மின்கலத்தையும் வாடிக்கையாளரின் தரவு அளவையும் தின்றுவிடும் என்ற வாதமும் உண்மையே.

எனினும், பூட்டு வேண்டும் என்பதும் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். வீட்டு ரூட்டர்களில் ஐபிவி6 உள்வரவை இயல்பாக மூடிவைக்கலாம் என்று 2011-லேயே பரிந்துரைத்த இணையத் தர வரையறை அமைப்பு, பயனர் விரும்பினால் திறக்கும் வசதியும் இருக்க வேண்டும் என்றே கருதியது. பகிர்வுக் கருவியிடம் ஒரு போர்ட்டை வாடிக்கையாளரே கேட்டுப் பெறும் நெறிமுறையும் 2013 முதல் தயாராக உள்ளது. செல்பேசிச் சேவைகளில் அதைக் காண்பது அரிது. தொழில்நுட்பம் தடையாக இல்லாத இடத்தில், கேட்பவர் சிலர் என்பதே செய்யாமைக்குக் காரணமாகத் தோன்றுகிறது.

விதிகள் மௌனம்

இணையச் சமநிலை குறித்த இந்திய விதிகள் உலகில் வலுவானவற்றுள் வைத்து எண்ணப்படுபவை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017 நவம்பரில் அளித்த பரிந்துரைகளை மத்திய அரசு 2018 ஜூலையில் ஏற்றது. அவற்றில் இணைய அணுக்கச் சேவை என்பது, இணையத்தின் ஏறத்தாழ எல்லா முனைகளுக்கும் தரவை அனுப்பவும் அவற்றிடமிருந்து பெறவும் வகைசெய்யும் சேவை என்ற பொருளில் வரையறுக்கப்பட்டுள்ளது. 'பெறவும்' என்ற சொல்லுக்கு, தாம் கேட்டதற்கு வரும் பதிலைப் பெறுவது மட்டும்தான் பொருளா, பிறர் தொடங்கும் இணைப்பைப் பெறுவதும் அடங்குமா என்பதை விதிகள் விளக்கவில்லை. உள்ளடக்கத்தில் பாரபட்சம் கூடாது என்பதே அன்றைய விவாதத்தின் மையம். அனைவருக்கும் ஒரேபோல் மூடப்பட்ட கதவில் பாரபட்சம் இல்லைதானே!

2024 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ள டிராயின் சேவைத் தர விதிகள் தரவின் வேகத்தையும், தாமதத்தையும், வழியில் தொலையும் தரவுப் பொட்டலங்களின் விகிதத்தையும் அளக்கின்றன. வாடிக்கையாளரின் கருவியை வெளியிலிருந்து எட்ட முடியுமா என்பது அந்த அளவைகளில் இல்லை. விளம்பரங்களும் கட்டண அட்டைகளும் வேகத்தையும் தரவு அளவையும் பெரிய எழுத்தில் சொல்கின்றன. முகவரி பொதுவா பகிரப்பட்டதா என்பது சிறிய எழுத்தில்கூட அரிதாகவே இடம்பெறுகிறது. இதை வெளிப்படுத்துவதைக் கட்டாயமாக்க நிறுவனங்களுக்குப் புதிய முதலீடு எதுவும் தேவையில்லை. ஐபிவி6 உள்வரவைத் திறக்க வாடிக்கையாளரின் செயலியில் ஒரு பொத்தானைச் சேர்ப்பது அடுத்த படி. அதற்குச் சற்றுக் கூடுதல் உழைப்பு வேண்டும்.

அதுவரை, 5ஜி வீட்டு இணையத்துக்கு மாற எண்ணும் கடைக்காரரோ, சிறு அலுவலகமோ, தம் வீட்டில் சேவையகம் நடத்தும் மாணவரோ பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை மூன்று: தரப்படும் ஐபிவி4 முகவரி பொதுவானதா, பகிரப்பட்டதா? ஐபிவி6 உண்டா, அதில் வெளியிலிருந்து தொடங்கும் இணைப்புகள் அனுமதிக்கப்படுமா? கூடுதல் கட்டணத்தில் நிலையான முகவரி இந்தத் திட்டத்தில் கிடைக்குமா? மூன்றுக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால், ரூட்டரில் எத்தனை முறை போர்ட் எண்ணை மாற்றிப் பதிந்தாலும் பலன் இராது. அந்த இணைப்பில் சுரங்க வழி ஒன்றே மிச்சம். அதற்கான மாதச் செலவையும் சேர்த்தே இரு திட்டங்களின் விலையை ஒப்பிட வேண்டும்.